குதிகால் வலிக்கு ஷாக்வேவா, ஊசியா, இல்ல ஆடுசதைய இழுத்துக்கிட்டே இருக்கறதா

காலைல கட்டில்ல இருந்து இறங்கி முதல் அடி வைக்கிறப்ப குதிகால்ல யாரோ ஆணிய வச்சு அடிச்ச மாதிரி சுளீர்னு ஏறும், செவுத்த புடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டி ஒரு இருபது அடி நடந்தா கொஞ்சம் இளகும், அப்புறம் அரை மணி நேரம் உக்காந்துட்டு எந்திரிச்சா மறுபடி முதல்ல இருந்து. அனுபவிச்சவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம். எனக்கு இது 14 மாசம் இருந்துச்சு. முதல் மூணு மாசம் செருப்ப மாத்தினா சரியாயிடும்னு கண்டுக்காம விட்டேன், அடுத்த மூணு மாசம் ஐஸ் பாட்டில உருட்டினேன், அதுக்கப்புறம்தான் டாக்டர்கிட்ட போனேன். ஒருத்தர் ஸ்டீராய்டு ஊசி போட்டுடலாம்னாரு, பிசியோ ஷாக்வேவ், அதாவது மெஷினால வெளில இருந்து அழுத்த அலைய குதிகாலுக்குள்ள அனுப்பற வைத்தியம், எடுங்கன்னாங்க, இன்னொருத்தர் எதுவும் வேணாம் ஆடுசதைய இழுத்து பயிற்சி பண்ணுங்க போதும்னாரு. மூணு பேரும் படிச்சவங்க, மூணு பேரும் உறுதியாத்தான் சொன்னாங்க. நடுவுல நான்தான் முழிச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்ப உக்காந்து தேடித்தேடி படிச்சதையும் அதுக்கப்புறம் நானே பட்டதையும் சேத்து எழுதறேன். நான் டாக்டர் இல்ல, அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல இந்த வலி என்னன்னு தெரிஞ்சாதான் எத எடுக்கறதுன்னு முடிவு பண்ண முடியும். குதிகால் எலும்போட அடிப்பக்கத்துல இருந்து கால்விரல் வரைக்கும் ஒரு கெட்டியான பட்டை ஓடுது, பிளாண்டார் ஃபேசியான்னு பேரு. பாதத்தோட வளைவ வில்லுல நாண் கட்டின மாதிரி இதுதான் இழுத்து புடிச்சிருக்கு. இது எலும்புல ஒட்டற இடத்துலதான், பெரும்பாலும் உள்பக்கமா, வலி வரும். இதுக்கு பிளாண்டார் ஃபேசியைட்டிஸ்னு பேரு வச்சுட்டாங்க, 'ஐட்டிஸ்'னா அழற்சி, அதாவது வீங்கி சிவந்து கொதிக்கற சமாச்சாரம். ஆனா 2003-ல ஆபரேஷன்ல எடுத்த 50 பேரோட திசுவ மைக்ராஸ்கோப்ல பாத்தப்ப அங்க அழற்சியோட அடையாளமே இல்ல, நார் எல்லாம் தேஞ்சு குழம்பி சிதைஞ்சு போயிருந்துச்சு. அதனால இப்ப நிறைய பேர் இத ஃபேசியோசிஸ், இல்லன்னா ஃபேசியோபதின்னு சொல்றாங்க.

இது வெறும் பேரு சண்டைன்னு நினைக்காதீங்க, மருந்து தேர்வே இதுலதான் மாறுது. கொதிக்கறத அணைக்கணும்னா ஸ்டீராய்டு சரி. ஆனா நாள்பட்ட வலில அங்க நெருப்பே இல்ல, பாதி ஆறி பாதி ஆறாம அப்படியே நின்னு போன ஒரு காயம் இருக்கு. அத மறுபடி கிளப்பி விடணும்ங்கறதுதான் ஷாக்வேவோட கணக்கு. ஒண்ணு அமத்துது, இன்னொண்ணு கிளறுது. ரெண்டும் எதிர்எதிர் திசைல போற வைத்தியம், ஆனா கிளினிக்ல ரெண்டையும் ஒரே மூச்சுல "இது இல்லன்னா அது"ன்னு சொல்லிடறாங்க.

எக்ஸ்ரேல 'எலும்பு முள் வளந்திருக்கு'ன்னு சொல்லி பயமுறுத்தினா ரொம்ப பதறாதீங்க. வலியே இல்லாத எத்தனையோ பேர் கால்லயும் அந்த முள் இருக்கு, முள் இல்லாம வலியில துடிக்கறவங்களும் இருக்காங்க. எனக்கு முள் இருந்தது வலிக்காத கால்லதான்.

இப்ப ஆடுசதைக்கு வருவோம், கெண்டைக்கால்னும் சொல்லுவீங்க. குதிகால் வலிக்கு போனா எதுக்கு இவங்க காலோட பின்பக்கத்த அமுக்கறாங்கன்னு எனக்கு முதல்ல புரியல. பிசியோ கட்டைவிரல ஆடுசதையோட உள்பக்க மேடு மேல வச்சு அழுத்தினாங்க, நான் மேசைல இருந்தே எகிறிட்டேன், அங்க அவ்வளவு வலி இருக்குன்னு அதுவரைக்கும் எனக்கே தெரியாது. விஷயம் என்னன்னா ஆடுசதை கீழ இறங்கி அக்கிலிஸ் நாணா மாறி குதிகால் எலும்போட பின்னாடி ஒட்டுது, அதே எலும்போட அடில இருந்து பாதத்து பட்டை கிளம்புது. ஒரே எலும்ப ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் புடிச்சு இழுக்கறாங்க. ஆடுசதை இறுகிப்போச்சுன்னா கணுக்கால் போதுமான அளவு மேல மடங்காது, நடக்கும்போது அந்த மடிப்பு எங்கயாவது கிடைச்சாகணும், பாதத்தோட வளைவு அமுங்கி அத குடுக்குது, பட்டைக்கு இழுவிசை கூடுது. சும்மா குதிகால மட்டும் கவனிச்சா வலி போன மாதிரி போயிட்டு திரும்ப வர்றதுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

வீட்லயே ஓரளவு பாத்துக்கலாம். முட்டிய நேரா நீட்டி வச்சு பாதத்த முகத்த பாத்து மடக்குங்க, எவ்வளவு வருதுன்னு பாருங்க, அப்புறம் முட்டிய மடக்கிட்டு அதையே பண்ணுங்க. முட்டிய மடக்கினா நல்லா வருது, நீட்டினா வரலன்னா மேல இருக்கற பெரிய சதை, அதாவது காஸ்ட்ரோக்னீமியஸ், இறுகியிருக்குன்னு அர்த்தம். ரெண்டுலயும் வரலன்னா உள்ள இருக்கற சோலியஸோ கணுக்கால் மூட்டோ கூட காரணமா இருக்கலாம். இழுக்கற பயிற்சிய முட்டிய நீட்டி பண்ணணுமா, மடக்கி பண்ணணுமாங்கறதும் இத வச்சுதான்.

ஆனா ஒண்ணு, இத சாதாரணமா தாண்டி போயிடாதீங்க. ஒரு கால் ஆடுசதை மட்டும் திடீர்னு வலிச்சு, வீங்கி, சூடா, சிவப்பா இருந்தா, அதுவும் ரொம்ப நேரம் உக்காந்து பயணம் பண்ணினதுக்கு அப்புறமோ ஆபரேஷனுக்கு அப்புறமோ படுத்த படுக்கையா இருந்ததுக்கு அப்புறமோ வந்தா, அது ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டியா உறைஞ்சதா இருக்கலாம். அந்த கால உருவவும் கூடாது, ஷாக்வேவ் மெஷின கிட்ட கொண்டு போகவும் கூடாது, அன்னைக்கே டாக்டர பாக்கணும். கூட மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குதுன்னா நேரா எமர்ஜென்சி. அதே மாதிரி கொஞ்ச தூரம் நடந்தா ஆடுசதை புடிச்சு இழுக்குது, நின்னா உடனே போயிடுதுன்னா அது ரத்த ஓட்ட பிரச்சனையா இருக்கலாம், சதை பிரச்சனைன்னு முடிவு கட்டிடாதீங்க.

சரி, பயிற்சி. எல்லாரும் சொல்றது, எவனும் ஒழுங்கா பண்ணாதது, நானும் சேத்துத்தான். இதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு பட்டைய நேரடியா இழுக்கறது. உக்காந்து வலிக்கற கால இன்னொரு கால் தொடை மேல போட்டு, கால்விரல கையால புடிச்சு முட்டிய பாத்து பின்னாடி மடக்கணும், அடிப்பாதத்துல ஒரு கம்பி மாதிரி விறைச்சுக்கிட்டு பட்டை தெரியும், 10 எண்ணற வரைக்கும் புடிச்சு விடணும், இப்படி 10 தடவை, ஒரு நாளைக்கு 3 வேளை. முக்கியமானது காலைல முதல் அடி வைக்கறதுக்கு முன்னாடி, கட்டில்லயே உக்காந்து பண்றது. 2003-ல இதையும் வழக்கமான ஆடுசதை இழுப்பையும் 8 வாரம் ஒப்பிட்டு பாத்ததுல பட்டைய நேரடியா இழுத்தவங்களுக்குத்தான் வலி அதிகமா குறைஞ்சிருந்துச்சு. ஒரு பைசா செலவு இல்லாத வைத்தியம், அதனாலயோ என்னவோ நமக்கு நம்பிக்கை வர மாட்டேங்குது.

ரெண்டாவது வகை பளு ஏத்தறது. படிக்கட்டு விளிம்புல நின்னு, ஒரு துண்ட சுருட்டி கால்விரலுக்கு அடில வச்சு விரல் மேல தூக்கின மாதிரி இருக்கணும், அப்படியே ஒத்தக் கால்ல குதிகால 3 வினாடில மேல தூக்கி, 2 வினாடி நிறுத்தி, 3 வினாடில கீழ இறக்கணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூணு மாசம். முதல்ல 12 தடவைக்கு மேல முடியாத அளவு பளுவோட 3 செட், ரெண்டு வாரம் கழிச்சு 10 தடவைக்கான பளுவோட 4 செட், நாலு வாரத்துல 8 தடவைக்கான பளுவோட 5 செட், முதுகுல பைய மாட்டி புத்தகம் அடுக்கி பளுவ ஏத்திக்கிட்டே போகணும். 2015-ல வந்த ஆராய்ச்சி இது, வெறும் 48 பேர்தான், சின்னதுதான், ஆனா மூணாவது மாசத்துல சும்மா இழுத்தவங்கள விட பளு ஏத்தினவங்க நல்லாவே முன்னாடி இருந்தாங்க. ஒரு வருஷம் கழிச்சு பாத்தா ரெண்டு குரூப்பும் ஒண்ணாயிடுச்சு. அதையும் சொல்லித்தானே ஆகணும்.

எனக்கு இதுல புடிச்சது என்னன்னா ஆடுசதையும் பாதமும் ஒரே பயிற்சில வேலை செய்யுது. புடிக்காதது, முதல் ரெண்டு வாரம் வலி கூடும், அப்ப நாம பயந்து விட்டுடுவோம். பண்ணும்போது தாங்கற அளவு வலி இருந்து அடுத்த நாளுக்குள்ள அடங்கிடுச்சுன்னா பரவாயில்லன்னு எனக்கு சொன்னாங்க, அடுத்த நாள் காலைலயும் கூடுதலா இருந்தா பளுவ குறைக்கணும்.

ஆடுசதைல கல்லு மாதிரி முடிச்சு முடிச்சா இருக்கறவங்களுக்கு இன்னொரு விஷயம். 2011-ல 60 பேர ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு வெறும் இழுக்கற பயிற்சி, இன்னொரு பாதிக்கு அதோட ஆடுசதை முடிச்சுகள கையால அமுக்கி விடறதும் சேத்து குடுத்தாங்க, சேத்து வாங்கினவங்களுக்குத்தான் நல்லா கேட்டுச்சு. மெஷினே இல்லாம கைவிரலால பண்ணினது. ஷாக்வேவ ஆடுசதைக்கும் சேத்து அடிக்கலாம்னு யாராவது சொன்னா இத ஞாபகம் வச்சுக்கங்க.

இப்போ ஷாக்வேவ். பேர கேட்டதும் கரண்ட் ஷாக்னு நினைச்சு பயந்தேன், கரண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, இது அழுத்த அலை, சத்தம் மாதிரி ஒரு சமாச்சாரம். டோர்னியர்னு ஒரு ஜெர்மன் விமான கம்பெனி, வேகமா பறக்கற விமானத்துல மழைத்துளி மோதினா உலோகத்துக்குள்ள என்ன அதிர்வு போகுதுன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தாங்க, அதுல இருந்துதான் உடம்ப வெட்டாம வெளில இருந்தே சிறுநீரக கல்ல உடைக்கற மெஷின் வந்துச்சு. 1980 பிப்ரவரில மூனிச்ல முதல் நோயாளிக்கு பண்ணினாங்க. அப்புறம் எலும்பு, நாண்னு பரவி 2000-ல மருந்துக்கும் மருத்துவ கருவிக்கும் அனுமதி குடுக்கற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ குதிகால் வலிக்குன்னே ஒரு மெஷினுக்கு அனுமதி குடுத்துச்சு. கல்ல உடைக்கறதுக்கு குடுக்கற சக்திய விட இங்க ரொம்ப கம்மி, எலும்பு முள்ள உடைக்கறதுக்காக இது இல்ல, அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க.

கிளினிக்ல கேக்க வேண்டிய முதல் கேள்வி, உங்ககிட்ட இருக்கறது ஃபோகஸ்டா ரேடியலா. ரெண்டுக்கும் ஷாக்வேவ்னுதான் போர்டு வைப்பாங்க. ரேடியல்ல ஒரு குழாய்க்குள்ள காத்தழுத்தத்தால ஒரு சின்ன உலோக குண்டு பாஞ்சு போய் முனைல இடிக்குது, அந்த இடி தோல்ல இருந்து பரவி உள்ள போகுது, தோல்ல அதிகம், ஆழம் போகப்போக குறைஞ்சிடும். சரியா சொல்லப்போனா அது ஷாக்வேவே இல்ல, பிரஷர் வேவ். ஃபோகஸ்ட்ல அலைய லென்ஸ் வச்ச மாதிரி உள்ள ஒரு குறிப்பிட்ட ஆழத்துல குவிக்கறாங்க. பட்டை எலும்புல ஒட்டற ஒரு புள்ளிக்கு ஃபோகஸ்ட் பொருத்தமா தெரியுது, ஆடுசதை மாதிரி பரந்த இடத்துக்கு ரேடியல் வசதி. ஆனா குதிகாலுக்கு ரெண்டுமே வேலை செஞ்சதா ஆராய்ச்சி இருக்கு, ரேடியல்தான் இருக்குன்னா உடனே எந்திரிச்சு வந்துட வேணாம்.

எப்படி இருக்கும்னா, குப்புற படுக்க வச்சு ஜெல் தடவி, எங்க ரொம்ப வலிக்குதுன்னு கட்டைவிரலால அழுத்தி தேடி அந்த புள்ளில வைப்பாங்க. டக்டக்டக்டக்குனு சத்தம், சின்ன சுத்தியலால வேகமா தட்டற மாதிரி. ஒரு தடவைக்கு சுமாரா 2000 அடி, அஞ்சு பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். வாரம் ஒண்ணு, மொத்தம் 3-ல இருந்து 5 வரைக்கும் பண்ணுவாங்க. வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். முதல் 300 அடிக்கு பல்ல கடிச்சுக்கிட்டு இருந்தேன், அப்புறம் மரத்த மாதிரி ஆயிடுச்சு. குறைஞ்ச அழுத்தத்துல ஆரம்பிச்சு தாங்கற அளவுக்கு ஏத்தணும். முனைய கொஞ்சம் நகத்தும்போது "அங்கதான், அங்கதான்"னு நாமளே சொல்லணும், வெக்கப்பட்டுக்கிட்டு பேசாம படுத்திருந்தா அது பக்கத்துல எங்கயோ தட்டிட்டு போயிடும்.

இதனாலதான் மரத்துப்போற ஊசி போட்டு பண்றது சரியில்லன்னு சொல்றாங்க. இதுல ஒரு கதையே இருக்கு. 2003-ல ஜெர்மனில 272 பேர வச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி, 12 வாரத்துல நிஜ ஷாக்வேவ் எடுத்தவங்கள்ல 34 சதவீதம், பொய் ஷாக்வேவ், அதாவது ஒப்பிட்டு பாக்கறதுக்காக பண்ற மாதிரி மட்டும் காட்டறது, எடுத்தவங்கள்ல 30 சதவீதம் பேருக்கு சரியாச்சு, அதாவது பிரயோஜனமே இல்லன்னு முடிவு. அதுக்கு முந்தின வருஷம் ஆஸ்திரேலியால 166 பேர வச்சு பண்ணினதும் அதே முடிவுதான். அப்புறம் 2008-ல 245 பேர வச்சு ரேடியல்ல பண்ணினாங்க, நிஜத்துல 61 சதவீதம், பொய்யில 42 சதவீதம். 2015-ல 250 பேருக்கு ஃபோகஸ்ட்ல பண்ணினதுலயும் நிஜம்தான் ஜெயிச்சுது. எதுக்கு இவ்வளவு வித்தியாசம்? ஜெர்மன் ஆராய்ச்சில மரத்துப்போற ஊசி போட்டு பண்ணியிருந்தாங்க. 2005-ல மரத்துப்போற ஊசி போட்டும் போடாமலும் பண்ணி ஒப்பிட்டப்ப போடாததுதான் நல்லா வேலை செஞ்சுது. வலிக்கற இடத்த நோயாளிதான் காட்ட முடியும், நரம்ப தூங்க வச்சுட்டா அது முடியாது, அதுமட்டுமில்லாம நரம்போட பதிலே இந்த வைத்தியத்துல ஒரு பங்குன்னும் சொல்றாங்க.

அந்த 61-42 கணக்க நான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன். விளம்பரத்துல 61 மட்டும்தான் தெரியும். ஆனா ஒண்ணுமே குடுக்காத மெஷின்ல 42 பேருக்கு சரியாயிருக்கு, ஏன்னா இந்த வலி நாளாக ஆக தானாவும் குறையற ஜாதி, கூட நம்பிக்கையும் சேந்துக்குது. அப்ப மெஷின் கூட்டிக் குடுத்தது நூத்துக்கு 19 பேருக்கு, அஞ்சுல ஒருத்தர்னு வச்சுக்கலாம். இது கம்மியா அதிகமான்னா, ஒரு வருஷமா நொண்டிக்கிட்டு இருக்கறவனுக்கு அதிகம், ஒரு மாச வலிக்கு காசு குடுக்கறவனுக்கு கம்மி.

நான் தேடினதுலயே ரொம்ப உருப்படியானது 2010-ல வந்த ஒரு ஒப்பீடு. வலி ஆரம்பிச்சு ஆறு வாரத்துக்குள்ள இருக்கற 102 பேர எடுத்து, பாதி பேருக்கு பட்டைய இழுக்கற பயிற்சி, பாதி பேருக்கு ரேடியல் ஷாக்வேவ். கையால விரல மடக்கி இழுத்தவங்கதான் ஜெயிச்சாங்க. புது வலிக்கு மெஷின் வேணாம்ங்கறதுக்கு இதுக்கு மேல சாட்சி தேவையில்ல. நாள்பட்ட வலில ஷாக்வேவோட அதே இழுப்பு பயிற்சியும் சேத்து பண்ணினவங்களுக்கு ஷாக்வேவ் மட்டும் எடுத்தவங்கள விட நல்லா இருந்துச்சுன்னு 2015-ல இன்னொண்ணு வந்துச்சு. ஆக ஷாக்வேவா பயிற்சியாங்கற கேள்வியே தப்பு. பயிற்சி ரெண்டு பக்கமும் இருக்கு, மேல ஷாக்வேவ் வேணுமா வேணாமாங்கறதுதான் கேள்வி.

ஆடுசதைக்கு ஷாக்வேவ் தனியா வேலை செய்யுமான்னு கேட்டா, குதிகாலுக்கு இருக்கற அளவுக்கு பெரிய ஆராய்ச்சி அங்க கிடையாது. எனக்கு குதிகால்ல முடிச்சுட்டு அகலமான முனைய மாட்டி, அழுத்தத்த குறைச்சு, ஆடுசதை மேல நகத்திக்கிட்டே அடிச்சாங்க, அன்னைக்கு சாயங்காலம் கால் லேசா இருந்துச்சு, ரெண்டு நாள்ல பழையபடி ஆயிடுச்சு. எனக்கு ஆடுசதைய நிஜமா மாத்தினது படிக்கட்டு பயிற்சிதான். அதனால ஆடுசதைக்கும் சேத்து தனி கட்டணம்னு சொன்னா நான் வேணாம்னுதான் சொல்லுவேன். சேத்தே பண்றாங்கன்னா, மேல சொன்ன ரத்தக்கட்டு சந்தேகம் எதுவும் இல்லன்னா, பண்ணிக்கங்க.

யாருக்கு கூடாது? கர்ப்பமா இருக்கறவங்க, ரத்தம் உறையறதுல பிரச்சனை இருக்கறவங்க, ரத்தத்த நீர்த்துப்போக வைக்கற மாத்திரை சாப்பிடறவங்க, அந்த இடத்துல கட்டியோ சீழோ இருக்கறவங்க, எலும்பு வளந்து முடியாத பிள்ளைங்க. பேஸ்மேக்கர் இருந்தா முன்னாடியே சொல்லிடணும். சமீபத்துல அதே இடத்துல ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலும் சொல்லணும், சாதாரணமா ஒரு ஆறு வாரம் தள்ளி வைப்பாங்க. எடுத்ததுக்கு அப்புறம் கொஞ்சம் சிவக்கும், தோலுக்கு அடில லேசா ரத்தம் கட்டி கன்னிப்போகும், ரெண்டு நாள் வலி கூடும், பெரிய ஆபத்து எதுவும் இல்ல. அந்த ரெண்டு நாள்ல வீக்கம் குறைக்கற மாத்திரையும் ஐஸும் வேணாம்னு நிறைய பிசியோக்கள் சொல்றாங்க, கிளறி விட்டத நாமளே அமத்திடக்கூடாதுல்ல.

இன்னொண்ணு, முடிச்ச உடனே ரிசல்ட் எதிர்பாக்காதீங்க. ஆராய்ச்சில எல்லாம் 12 வாரத்துலதான் அளக்கறாங்க. மூணாவது தடவை முடிஞ்ச மறுநாள் காலைல எனக்கு எந்த வித்தியாசமும் தெரியல, ஏமாந்துட்டோம்னு வீட்ல புலம்பினேன். அஞ்சாவது ஆறாவது வாரத்துலதான் ஒரு நாள் காலைல பாத்ரூம் வரைக்கும் போயிட்டு, அட செவுத்த புடிக்கலையேன்னு ஞாபகம் வந்துச்சு.

ஊசி. ஸ்டீராய்டோட பலம் வேகம், அத மறுக்கவே முடியாது. 2012-ல 82 பேருக்கு ஸ்கேன்ல பாத்துக்கிட்டே குத்தி ஒப்பிட்டாங்க, நாலாவது வாரத்துல வலி பொய் ஊசிய விட நல்லா குறைஞ்சிருந்துச்சு, எட்டாவது வாரத்துல அந்த வித்தியாசம் காணாம போச்சு. ஒரு மாச நிம்மதி. அதுக்கு விலை என்னன்னா, ஏற்கனவே தேஞ்ச பட்டை ஸ்டீராய்டால இன்னும் பலவீனமாகி அறுந்து போறதுக்கு வாய்ப்பு இருக்கு, குதிகாலுக்கு அடில மெத்தை மாதிரி இருக்கற கொழுப்பு சுருங்கவும் வாய்ப்பு இருக்கு, அது சுருங்கிட்டா திரும்ப வளராது. திரும்பத்திரும்ப போட்டா ஆபத்து கூடும். அதுமட்டுமில்ல, வலி போனதும் சந்தோஷத்துல ஓட ஆரம்பிச்சிடுவோம், அங்கதான் வினை.

அதுக்காக ஊசியே தப்புன்னு சொல்ல மாட்டேன். ராத்திரி தூக்கமே இல்ல, பயிற்சி பண்ணவே கால வைக்க முடியல, அடுத்த வாரம் தவிர்க்க முடியாத வேலை இருக்குன்னா ஒரே ஒரு தடவை, ஸ்கேன் பாத்து, போட்டுக்கலாம், ஆனா கிடைக்கற ஒரு மாசத்த பயிற்சிக்கு பயன்படுத்தணும். நம்ம ரத்தத்தையே எடுத்து சுத்தி தட்டணுக்கள பிரிச்சு குத்தற பிஆர்பி ஊசி இருக்கு, சில ஆராய்ச்சில ஸ்டீராய்ட விட நாள்பட நிக்குதுங்கறாங்க, சிலதுல பெரிய வித்தியாசம் இல்ல, தயாரிக்கற முறை இடத்துக்கு இடம் மாறுது. நான் அத ஷாக்வேவ் கேக்கலன்னா யோசிக்கலாம்னு ஒதுக்கி வச்சேன், தேவைப்படல.

ஷூ சோல், ராத்திரி தூங்கும்போது பாதத்த மேல மடக்கின நிலைலயே புடிச்சு வைக்கற ஸ்பிளிண்ட், டேப் எல்லாம் துணை ஆட்டக்காரங்க. சோல் விஷயத்துல காச கரைக்காதீங்க, அளவெடுத்து செய்யறதுக்கும் கடைல ரெடியா கிடைக்கறதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லன்னு 2006-லயே பாத்துட்டாங்க. ஸ்பிளிண்ட் காலை வலிய குறைக்கும், ஆனா அத மாட்டிக்கிட்டு தூங்கறவங்களுக்கு தனி பொறுமை வேணும், எனக்கு மூணு ராத்திரிதான். டேப் ஒட்டினா ரெண்டு மூணு நாள் நல்லா இருக்கும், எங்கயாவது நிறைய நடக்க வேண்டியிருக்கற நாள்ல உபயோகம். வெறுங்கால்ல கெட்டி தரைல நடக்கறத மட்டும் கொஞ்ச நாள் நிறுத்துங்க.

ஆபரேஷன் கடைசி. ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் எல்லாத்தையும் ஒழுங்கா பண்ணியும் கேக்காதவங்களுக்குத்தான். பட்டைய கொஞ்சம் வெட்டி தளர்த்துவாங்க, இல்லன்னா ஆடுசதையோட இறுக்கம்தான் காரணம்னு தெளிவா இருந்தா அங்க மேல தளர்த்துவாங்க. குதிகால் வலிக்கு ஆடுசதைல கத்தி வைக்கறாங்கன்னா ரெண்டுக்கும் எவ்வளவு நெருக்கம்னு பாத்துக்கங்க. பட்டைய ரொம்ப வெட்டிட்டா பாதத்தோட வளைவு சரிஞ்சு வெளிப்பக்கம் புதுசா வலி வரும்.

எதுல காசு போடறதுக்கு முன்னாடியும் இது அந்த வலிதானான்னு உறுதி பண்ணிக்கங்க. ஸ்கேன்ல பட்டையோட தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா சந்தேகம் பலப்படும். குதிகால ரெண்டு பக்கமும் சேத்து அமுக்கினா உயிர் போகுதுன்னா எலும்புல விரிசலா இருக்கலாம். எரியுது, மரத்துப்போகுது, ராத்திரி சும்மா படுத்திருந்தாலும் சுறுசுறுங்குதுன்னா நரம்பா இருக்கலாம். சின்ன வயசு, ரெண்டு குதிகாலும் வலிக்குது, காலைல முதுகும் அரை மணி நேரத்துக்கு மேல விறைச்சு கிடக்குதுன்னா வாத நோய் டாக்டர பாக்கணும். இதுக்கெல்லாம் ஷாக்வேவ் அடிச்சு பிரயோஜனம் இல்ல.

என் கணக்குப்படி, வலி ஆரம்பிச்சு மூணு மாசத்துக்குள்ளன்னா பட்டைய இழுக்கறது, படிக்கட்டு பயிற்சி, நல்ல ஷூ, இத தாண்டி எதுவும் வேணாம். மூணுல இருந்து ஆறு மாசம்னா முதல்ல நேர்மையா கேட்டுக்கங்க, பயிற்சிய நிஜமா பண்ணினீங்களா இல்ல வாரத்துக்கு ரெண்டு நாள் டிவி பாத்துக்கிட்டே கால ஆட்டினீங்களா. நான் ரெண்டாவது ஜாதி. ஒழுங்கா பண்ணியும் ஆறு மாசம் தாண்டிடுச்சுன்னா ஷாக்வேவுக்கு காசு போடறது நியாயம், ஸ்டீராய்டுக்கு முன்னாடி அதத்தான் எடுக்கணும்னு நான் நினைக்கறேன், கேக்கலன்னாலும் எதையும் கெடுத்துட்டு போகாதுங்கறதால. பத்து தடவை பேக்கேஜ் எடுத்தா தள்ளுபடின்னு சொல்ற இடத்துல மட்டும் எடுக்காதீங்க, மூணு எடுத்துட்டு நிறுத்தி பாக்கலாம்.

நான் மூணு ரேடியல் எடுத்தேன், கூடவே படிக்கட்டு பயிற்சி மூணு மாசம், இந்த தடவை காலண்டர்ல டிக் போட்டு. பத்துக்கு ஏழா இருந்த காலை வலி நாலாவது மாசம் ஒண்ணு, ரெண்டுல நின்னுச்சு. எது குணப்படுத்துச்சுன்னு பிரிச்சு சொல்ல முடியாது, ஒண்ணுமே பண்ணாம இருந்திருந்தாலும் அந்த நேரத்துல குறைஞ்சிருக்கலாம். போன மாசம் ரெண்டு வாரம் பயிற்சிய விட்டேன், ஆடுசதைல அதே உள்பக்க மேட்டுல பழைய வலி எட்டிப் பாத்துச்சு, குதிகால் இன்னும் ஒண்ணும் சொல்லல. திரும்ப பைல புத்தகத்த அடுக்கிட்டேன்.